எந்த டீம்? மெல்போர்னில் ஒரு இறுதிப்போட்டி வாரம்

நாள் 1 – ஞாயிறு, செப்டம்பர் 24, 2023

பிரெஸ்டனில் தங்கச்சி வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடலாம் என்று பார்த்தால் மருமகன் விடவில்லை. ஒன்பது வயது. கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கையில்லாத சட்டை, அக்குளில் ஒரு சிவப்புத் தோல் பந்து. உரித்த தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூம்பிய பந்து. "மாமா, நீங்க எந்த டீம்?" என்றான். நான் கிரிக்கெட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்து சிஎஸ்கே என்றேன். அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, பாளையங்கோட்டையில் அல்வா பிடிக்காது என்று சொன்னவனைப் பார்ப்பது போல.

அவன் கேட்டது ஃபுட்டி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து. வரும் சனிக்கிழமை இறுதிப்போட்டி, காலிங்வுட்டும் பிரிஸ்பேன் லயன்ஸும் மோதுகிறார்கள். முந்தாநாள் அரையிறுதியில் காலிங்வுட் 58, மேற்கு சிட்னியின் ஜயன்ட்ஸ் 57. ஒரே ஒரு புள்ளி. எம்சிஜியில், அதாவது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில், 97 ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் மகனுக்கும் அந்த ராத்திரி தூக்கமே இல்லையாம். இவர் திருச்சிக்காரர், இங்கே வந்து பன்னிரண்டு வருடம். "முதல் நாள் ஆபீஸ்ல பேர் கேட்டாங்க, அடுத்து எந்த டீம்னு கேட்டாங்க, சாப்பாடு என்னன்னு அப்புறம்தான் கேட்டாங்க" என்கிறார். நம் ஊரில் "சொந்த ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்போமே, அந்த இடத்தில் இங்கே இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது போல.

மாலையில் யூடியூபில் பழைய ஆட்டங்களைப் போட்டு மருமகன் எனக்குப் பாடம் எடுத்தான். நான் முதலில் இதை ஒழுங்காக வளராத ரக்பி என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. பக்கத்துக்கு 18 பேர், ஆஃப்சைடு கிடையாது, ஆகவே 36 பேரும் மைதானம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பந்தை எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும் (வாலிபாலில் கீழ்க்கையால் சர்வீஸ் போடுவோமே, கிட்டத்தட்ட அது). பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டியாக வேண்டும். தேங்காயைத் தட்டி எடுத்துக்கொண்டு ஓடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு வெளியே, ஓரக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி, அதன் பெயர் பிஹைண்ட். நடுக் கம்பத்தில் பட்டாலும் ஒன்றுதான். கோல் நடுவர் கோலுக்கு இரண்டு விரலையும் பிஹைண்டுக்கு ஒற்றை விரலையும் நீட்டிவிட்டு, அதே கணக்கில் வெள்ளைக் கொடி வீசுகிறார். "குறி தப்பினாலும் புள்ளி கொடுக்கிறார்களா?" என்றேன். "பக்கத்துல வந்துட்டீங்கள்ல மாமா" என்றான்.

நாள் 2 – திங்கள்

ராத்திரி டிவியில் பிரவுன்லோ பதக்கம், வருடத்தின் சிறந்த ஃபுட்டி வீரருக்குக் கொடுப்பது. இதை ஒரு விளையாட்டு விருது விழா என்று நினைத்து உட்கார்ந்தேன், தேர்தல் வாக்கு எண்ணிக்கையாக இருந்தது. லீக் சுற்றின் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் நடுவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று மூன்று வீரர்களுக்கு ரகசியமாக ஓட்டுப் போட்டு வைத்துவிடுகிறார்கள். அதை இந்த ஒரு ராத்திரியில் வாரம் வாரமாகப் பிரித்து வாசிக்கிறார்கள். மணிக்கணக்காகப் போகிறது. தங்கச்சி நடுவில் இட்லி மாவு ஆட்டி முடித்துவிட்டாள்.

மருமகனுக்கு நிக் டைகோஸ் ஜெயிக்க வேண்டும். இருபது வயதுப் பையன், அப்பா பீட்டர் டைகோஸும் காலிங்வுட்டில் ஆடிப் பேர் வாங்கியவர். கடைசியில் பிரிஸ்பேனின் லாக்கி நீல் 31 ஓட்டு, வெஸ்டர்ன் புல்டாக்ஸின் போன்டெம்பெல்லி 29, டைகோஸ் 28. மருமகன் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டான்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த வருடத்தில் முரட்டு ஆட்டத்துக்காகத் தடை வாங்கியவனுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் பதக்கம் கிடையாது. 1997இல் கிறிஸ் கிராண்ட் என்பவர் எல்லாரையும் விட ஒரு ஓட்டு அதிகம் வாங்கியும் ஒரே ஒரு தடையால் இழந்திருக்கிறார். இந்த விதி நம் ஊர்த் தேர்தலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். சிரித்துவிட்டு டிவியை அணைத்தார்.

நாள் 3 – செவ்வாய்

பக்கத்து வீட்டுப் பெரியவரை வேலியோரம் பார்த்தேன். எழுபதுக்கு மேல் இருக்கும். வணக்கம் சொன்னதும் அதே கேள்வி, எந்த டீம். இன்னும் இல்லை என்றேன். "அப்படியே இரு, இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சைக் கேட்டுக் காலிங்வுட் மட்டும் ஆகிவிடாதே" என்றார். நீங்கள் எந்த டீம் என்றால், "ஃபிட்ஸ்ராய்". இருக்கிற 18 அணிகளில் அப்படி ஒன்று இல்லையே என்று முழித்தேன். 86ஆம் எண் டிராமில் ஏறி ஸ்மித் தெருவைப் பார்த்துவிட்டு வா, அப்புறம் சொல்கிறேன் என்றார்.

போனேன். டிராம் ஊருக்குள் போகும்போது ஸ்மித் தெருவில் இடது கைப்பக்கம் காலிங்வுட், வலது கைப்பக்கம் ஃபிட்ஸ்ராய். தெருவைக் கடந்தால் எதிரி நாடு. இன்று அந்தத் தெரு முழுக்கக் காபிக் கடையும் பழைய துணிக் கடையும் இரண்டு கைநிறையப் பச்சை குத்திய இளசுகளும்தான், ஆனால் ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் தொழிலாளர் குடியிருப்பு. இந்த விளையாட்டின் பெரிய அணிகள் பலவும் இப்படி ஒரு பேட்டையின் பெயரில் பிறந்தவைதான்: கார்ல்டன், எசண்டன், ரிச்மண்ட், செயின்ட் கில்டா. 1897இல் எட்டு அணிகளோடு தொடங்கிய விக்டோரியா லீக் அது. பேட்டைக்குப் பேட்டை சண்டை என்றால் கூட்டம் வராமல் என்ன செய்யும்.

திரும்பும்போது எடின்பரோ பூங்காவில் இறங்கி ஃபிட்ஸ்ராயின் பழைய மைதானத்தையும் பார்த்தேன். 1888இல் கட்டிய பார்வையாளர் மாடம், இரும்பு அலங்காரத்தோடு, இன்னும் அழகாக நிற்கிறது. அதன் கீழே ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெரியவர் மீதியைச் சொன்னார். ஃபிட்ஸ்ராய் அந்த எட்டு அணிகளில் ஒன்று. எட்டு முறை சாம்பியன், கடைசியாக 1944இல். விளையாட்டு தேசிய அளவுக்கு விரிய விரிய, 1982இல் சவுத் மெல்போர்ன் சிட்னிக்கே போய்விட்டது, 1990இல் லீக்கின் பெயரும் ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) என்று மாறியது, ஃபிட்ஸ்ராயிடம் காசு இல்லை. 1996 சீசன் முடிந்ததும் பிரிஸ்பேன் அணியோடு இணைத்து 'பிரிஸ்பேன் லயன்ஸ்' ஆக்கிவிட்டார்கள். சிங்கம் ஃபிட்ஸ்ராயின் சிங்கம். பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் லயன்ஸ் பாடும் அணிப் பாட்டும் ஃபிட்ஸ்ராயிலிருந்து போனதுதான். "என் டீமை எடுத்துக்கொண்டு போய் 1,700 கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்" என்றார். நாலைந்து வருடம் அவர் ஆட்டமே பார்க்கவில்லையாம். 2001, 2002, 2003 என்று லயன்ஸ் தொடர்ந்து மூன்று கோப்பை ஜெயித்தபோதுதான் கொஞ்சம் மனம் இளகியிருக்கிறது. அதில் இரண்டு காலிங்வுட்டைத் தோற்கடித்தது என்பதால் கூடுதலாக இளகியது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

சொல்ல மறந்துவிட்டேன், இந்த மாநிலத்தின் பிரீமியர், நம் முதலமைச்சர் மாதிரி, கிட்டத்தட்ட ஒன்பது வருடம் ஆண்ட டேனியல் ஆண்ட்ரூஸ், இன்று பதவி விலகுவதாக அறிவித்தார். டிராமில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் அதை ஒரு நிமிடம் பேசினார்கள். பிறகு டைகோஸின் முழங்காலுக்கு வந்துவிட்டார்கள்.

நாள் 4 – புதன்

எம்சிஜி. ரயிலில் ஜோலிமாண்டில் இறங்கினால் பூங்காவுக்குள் நடந்தே போகலாம். போன வருடம் உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலி 82 அடித்து, கடைசிப் பந்தை நம் அஷ்வின் மிட்-ஆஃபுக்கு மேலே தூக்கிவிட்ட மைதானம். நமக்கு அது கிரிக்கெட் கோயில். இவர்களுக்கு வருடத்தில் பாதிக்கு மேல் ஃபுட்டி மைதானம்.

அந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தது வெளியே இருக்கும் ஒரு சிலையில் தெரிகிறது. டாம் வில்ஸ். விக்டோரியாவின் பெரிய கிரிக்கெட் வீரர், இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் படித்துத் திரும்பியவர். 1858 ஜூலையில் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சோம்பிக் கிடக்கிறார்கள், ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கினால் என்ன? அடுத்த மாதமே ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்போர்ன் கிராமர் பள்ளிக்கும் ஒரு ஆட்டம் நடந்தது, பக்கத்துக்கு 40 பேர், அதற்கு வில்ஸ் நடுவர்களில் ஒருவர். அதைத்தான் சிலையாக வைத்திருக்கிறார்கள். 1859 மே மாதம் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நாலு பேர் உட்கார்ந்து பத்து விதிகளை எழுதினார்கள். லண்டனில் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை எழுதியது 1863இல். அதாவது இந்த விளையாட்டு நாம் சாக்கர் என்கிற ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தை விட மூத்தது, அது எனக்கு இன்று வரை தெரியாது. மைதானம் நீள்வட்டமாக இருப்பதற்கும் காரணம் கிரிக்கெட்தான், பின்னாளில் கிரிக்கெட் மைதானங்களிலேயே ஆட ஆரம்பித்தார்கள்.

வில்ஸின் கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1861இல் குவீன்ஸ்லாந்தில் அவர் அப்பா உட்பட 19 பேரைப் பூர்வகுடிகள் கொன்றார்கள், அதற்குப் பழிவாங்க வெள்ளையர் பல மடங்கு பேரைக் கொன்றார்கள். அதே டாம் வில்ஸ் ஐந்து வருடம் கழித்து, 1866இல், பூர்வகுடி கிரிக்கெட் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்து இதே எம்சிஜிக்கு அழைத்து வந்து ஆட வைத்தார். குடி முற்றி 1880இல் தற்கொலை செய்துகொண்டார். சிறு வயதில் மேற்கு விக்டோரியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அவர்கள் மொழி பேசியவர். அந்த மக்கள் பாஸம் என்ற மரத்தில் வாழும் சிறு விலங்கின் தோலில் செய்த பந்தை உதைத்து, எம்பிப் பிடித்து ஆடிய மார்ன்குரூக் என்ற விளையாட்டிலிருந்துதான் ஃபுட்டி வந்தது என்பார்கள் சிலர். எழுத்தில் ஆதாரம் இல்லை என்பார்கள் சிலர். சண்டை ஓயவில்லை. நான் அங்கே அதே பூங்காவில் நிற்கும் ஒரு பழைய மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூர்வகுடிகள் பட்டையை உரித்தெடுத்த தழும்பு மரத்தில் நீளமாக அப்படியே இருக்கிறது. முதல் விதியை எழுதியவர்கள் இந்த மரத்தை வெறும் மரமாகத்தான் கடந்து போயிருப்பார்கள்.

ரான் பராஸியின் சிலையின் கீழே பூக்கள், கழுத்துத் துண்டுகள். பதினோரு நாளைக்கு முன், 16ஆம் தேதி, இறந்துபோனார். ஆடிய காலத்தில் மெல்போர்னுக்கு ஆறு கோப்பை, பயிற்சியாளராகக் கார்ல்டனுக்கும் நார்த் மெல்போர்னுக்கும் சேர்த்து நான்கு. 1970 இறுதிப்போட்டி இன்றும் பேச்சில் இருக்கிறது. இதே மைதானத்தில் 1,21,696 பேர், இன்றுவரை முறியாத எண்ணிக்கை. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. பராஸி தன் கார்ல்டன் பையன்களிடம் உதைப்பதைக் குறைத்துக் கையால் குத்திக் கொடுத்து ஓடச் சொன்னார். ஜெயித்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியா முழுக்க இது கொடிகட்டிப் பறக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ரக்பி லீக்தான் ராஜா. நாட்டை இரண்டாகப் பிரிக்கும் அந்தக் கற்பனைக் கோட்டுக்கும் இவர் பெயர்தான், பராஸி கோடு. மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த், டாஸ்மேனியா எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பிரிஸ்பேன்காரன் இறுதிப்போட்டிக்கு வருவதே கோட்டைத் தாண்டி வருவதுதான்.

நாள் 5 – வியாழன்

காலிங்வுட்டின் பழைய மைதானம், விக்டோரியா பார்க். அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம். 1999 வரை இங்கே பெரிய ஆட்டங்கள் நடந்தன. இப்போது யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையோடு சுற்று நடந்துகொண்டிருந்தார்.

நான் இங்கே வந்தது 1993 ஏப்ரல் 17க்காக. செயின்ட் கில்டாவின் பூர்வகுடி வீரர் நிக்கி வின்மார், நாள் முழுக்கக் காலிங்வுட் கூட்டத்தின் நிறவெறி வசவைக் கேட்டுக்கொண்டு ஆடி, ஜெயித்து, முடிவில் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்று சட்டையைத் தூக்கித் தன் கருப்புத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அந்தப் புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்று பார்த்தேன், கூட்டம் எவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கும் என்று. கையெட்டும் தூரம்.

மருமகனிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "அது நம்ம டீம்தான் மாமா, தப்பு பண்ணுனாங்க" என்றான். நம்ம டீம் என்றானே தவிர அவங்க என்று சொல்லவில்லை.

பெரியவரிடம் சொன்னால் அவர் உடனே டக் நிக்கல்ஸுக்குப் போய்விட்டார். பூர்வகுடி வீரர், 1927இல் கார்ல்டன் அவரை நிறத்தைக் காட்டி ஒதுக்கியது, 1932இல் ஃபிட்ஸ்ராய் சேர்த்துக்கொண்டது, பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஆனார். "எங்கள் டீம்" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

நாள் 6 – வெள்ளி

அரசு விடுமுறை. எதற்கு? நாளைக்கு இறுதிப்போட்டி என்பதற்கு முதல் நாள் விடுமுறை, 2015 முதல் இப்படி. வீரர்கள் ஊர்வலம் பார்க்கக் கிளம்பினோம், ரயிலில் ஏற இடமில்லாமல் இரண்டை விட்டு மூன்றாவதில் போய்ச் சேர்ந்தபோது முதுகுகளைத்தான் பார்க்க முடிந்தது. மருமகன் என் தோளில் ஏறிக்கொண்டு கத்தினான். கழுத்து வலி. தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

டிக்கெட் கேட்டவர்களுக்கு: கிடையாது. காலிங்வுட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். மைதானத்தில் மொத்த இடமே ஒரு லட்சம், அதில் அந்த அணிக்கு ஒதுக்குவது ஒரு பகுதிதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாள் 7 – சனி

வசந்த காலத் தொடக்கம் என்கிறார்கள், வெயில் சித்திரை மாதிரி. டிவியைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தோம். தங்கச்சி சுண்டலும் மசால் வடையும். பெரியவர் ஒரு தட்டு நிறைய இறைச்சி 'பை'யோடு (உள்ளே கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம்), வெளுத்துப்போன ஃபிட்ஸ்ராய்த் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கெச்சப்பைப் பையின் மேலே ஊற்றி, கையில் பிடித்துக் கடிக்க வேண்டும். முதல் கடியில் நாக்கு வெந்தது.

மதியம் இரண்டரைக்கு ஆட்டம். அதற்கு முன்பு முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய கிஸ் குழுவின் கச்சேரி, தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். காலிங்வுட்டின் பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரேவுக்கு இன்று காலையில்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அங்கிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறார். இதே மெக்ரே, 2001 முதல் 2003 வரை மூன்று கோப்பை ஜெயித்த லயன்ஸ் அணியில் ஆடியவர். "எங்கள் பையன்" என்று பெரியவர் முணுமுணுத்தார், அதில் பாசமும் இருந்தது, வசவும் இருந்தது.

ஆட்டத்தை முழுக்க எழுத எனக்கு இன்னும் சொற்கள் பழகவில்லை. பாபி ஹில் என்ற குள்ளமான, மெலிந்த பையனைப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி இளைஞர். போன வருடம் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இந்த வருடம்தான் காலிங்வுட்டுக்கு வந்தார். இரண்டாவது கால்பகுதியில் எதிராளியின் மேலேறி, அந்தரத்தில் நின்று, ஒரு பந்தைப் பிடித்தார் பாருங்கள். உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்தால் அது மார்க், யாரும் தொடாமல் நிதானமாக உதைக்கலாம் என்பது விதி. அதனால்தான் இப்படி அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி ஏறுகிறார்கள், அது தப்பும் இல்லை. பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஃபிட்ஸ்ராய்த் துண்டோடு எழுந்து நின்று கை தட்டினார். ஹில் நான்கு கோல். ஆட்ட நாயகன் பதக்கமும் அவருக்குத்தான். வின்மாரை ஏசிய கூட்டத்தின் அணி, அதே கருப்பு வெள்ளைச் சட்டை, முப்பது வருடம் கழித்து ஒரு லட்சம் பேர் மைதானத்தில் ஹில் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள்.

கடைசிக் கால்பகுதியில் நான் உட்காரவே இல்லை. சார்லி கேமரன் கோல் போட்டு பிரிஸ்பேன் முன்னே போனது, மருமகன் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். உடனே டி கோயி தூரத்திலிருந்து ஒன்று, பிறகு சைட்பாட்டம் ஒன்று. மருமகன் வெளியே வந்தான். ஒன்றரை நிமிடம் இருக்கும்போது டேனிஹர் பிரிஸ்பேனுக்கு ஒன்று போட்டார், மறுபடி உள்ளே போய்விட்டான். சங்கு ஊதியபோது காலிங்வுட் 90, பிரிஸ்பேன் 86.

அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம். பிரிஸ்பேன் 13 கோல், 8 பிஹைண்ட். காலிங்வுட் 12 கோல், 18 பிஹைண்ட். கோல் அதிகம் போட்டவன் தோற்றுவிட்டான்! "இது என்ன நியாயம்" என்று நான்தான் சத்தம் போட்டேன், பெரியவர் அல்ல. நான் எப்போது பிரிஸ்பேன் கட்சிக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் என் தட்டில் இன்னொரு பையை வைத்தார்.

நாள் 8 – ஞாயிறு, அக்டோபர் 1

இன்று அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள், கோடைக் கணக்காம். ஒரு மணித் தூக்கம் போச்சு. ராத்திரி விமானம். மருமகனுக்குத் தொண்டை கட்டிக் குரலே இல்லை, சைகையில்தான் பேசுகிறான். காலிங்வுட்டுக்கு இது 16ஆவது கோப்பை, கார்ல்டனுக்கும் எசண்டனுக்கும் சமம், அதை மட்டும் விரலால் எண்ணிக் காட்டிவிட்டான்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனான். பந்தைப் பிடிக்கும் முறையை என் விரல்களைப் பிரித்து வைத்துக் காட்டினான், தையல் முன்பக்கம் பார்க்க வேண்டும், பந்தைத் தூக்கிப் போடக் கூடாது, காலுக்கு மேலே நழுவ விட வேண்டும். துணி காயப்போடும் குடைக்கம்பிக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் போனால் கோல் என்று முடிவு. செருப்போடு உதைத்தேன். முதல் மூன்று எங்கேயோ போயின. நாலாவது நன்றாகச் சுழன்று போய், குடைக்கம்பியின் நடுக்கம்பத்தில் ணங் என்று அடித்து, தங்கச்சியின் இரண்டு சேலைகளை இழுத்துக்கொண்டு விழுந்தது.

மருமகன் நிமிர்ந்து நின்று, ஒற்றை விரலை நீட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ, பெரியவர் கழுத்துத் துண்டை உருவி ஒரே ஒரு தடவை வீசினார்.